மூட்டைக்காரர் பழனியாண்டியின் கேஸ்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று தலைமை குமாஸ்தா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"ரத்தம், காயம் எல்லாம் பார்த்தா மயக்கம் வருமாம்மா?"

டைப்ரைட்டிங் ஹையரும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்த சர்ட்டிபிகேட்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. வராது என்றேன். "அப்ப சரி" என்று ஜன்னலோரம் இருந்த மேஜையைக் காட்டினார்.

சென்ற மாதம் பென்ஷனர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, இப்போது அதே ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பெண் சிரித்தாள். மனுவெல்லாம் இப்போது கம்ப்யூட்டரிலேயே வந்துவிடுகிறதாம், அடிபட்டவர் முகத்தைப் பார்க்காமலே பாதி கேஸ் முடிந்துவிடுகிறதாம். "உங்க காலத்துல எப்படி மேடம் விசாரிச்சாங்க?" என்று கேட்டாள். அவளிடம் அங்கே என்னால் இரண்டு வார்த்தைதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸ் திருச்சி கண்டோன்மெண்டில் ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது. வேலை செய்யும்போது அடிபட்டவர்கள் நஷ்டஈடு கேட்டு அங்கே மனு கொடுப்பார்கள். அடிபட்டு இறந்துபோனவர் என்றால் குடும்பத்தார் வருவார்கள். முதலாளி பதில் கொடுப்பார். இரண்டு பக்கத்தையும் விசாரித்து கமிஷனர் உத்தரவு போடுவார். கோர்ட் மாதிரிதான், ஆனால் கூண்டு கிடையாது. ஒரு நீள மேஜை, அதைச் சுற்றி நாற்காலிகள், ஓரத்தில் நானும் என் டைப்ரைட்டரும்.

அப்பா இறந்த பிறகு பாலக்கரையில் அம்மாவின் டீச்சர் சம்பளத்தில் நடந்துகொண்டிருந்த குடும்பம் எங்களுடையது. வேலை கிடைத்ததே பெரிது என்று முதல் இரண்டு மூன்று வருஷம் தலை நிமிராமல் டைப் அடித்தேன். சட்டப் புத்தகத்தின் கடைசியில் ஒரு அட்டவணை உண்டு. கட்டைவிரல் போனால் இவ்வளவு, ஆள்காட்டி விரல் போனால் இவ்வளவு, ஒரு கண் போனால் இவ்வளவு என்று வரிசையாக இருக்கும். அதை முதல் தடவை பிரதி எடுத்தபோது, கீ போர்டின் மேல் ஓடிக்கொண்டிருந்த என் விரல்களை நான் ஒருமுறை பார்த்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. பிறகு பழகிவிட்டது.

அறுபதுகள் தொடங்கிய சமயத்தில் நடேசன் சார் கமிஷனராக வந்தார். ஒல்லியான மனிதர், சத்தமாகப் பேசமாட்டார். அவர் வந்து முதலில் மாற்றியது நாற்காலியைத்தான். அதுவரை அடிபட்டவர்கள் நின்றுகொண்டு பதில் சொன்னார்கள். இவர் வந்தபின் முதலில் அவர்களை உட்காரச் சொல்வார். முதலாளி நின்றுகொண்டிருந்தாலும் அந்த வரிசை மாறாது.

அப்போது ஆபீஸ் வேலை எல்லாம் இங்கிலீஷில்தான். தொழிலாளி தமிழில் சொல்வார். சார் அதை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். முடிந்ததும் காகிதத்தை வாங்கி, ஒவ்வொரு வாக்கியமாகத் திரும்பத் தமிழில் சொல்லி, "நீங்க சொன்னது இதுதானா? தப்பு இருந்தா இப்பவே சொல்லலாம்" என்பார். வக்கீல்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவர் அவர்களைப் பார்க்கமாட்டார்.

என்னிடமும் கண்டிப்புதான். எழுதத் தெரியாதவர்களுக்கு மனுவை நாங்களே கேட்டு எழுதிக்கொடுப்பது வழக்கம். 'இயந்திரத்தில் கை மாட்டிக்கொண்டது' என்று எழுதுவது எல்லோருக்கும் பழக்கமாகியிருந்தது. ஒரு நாள் அப்படி ஒரு மனுவை என் மேஜைக்கே எடுத்து வந்தார்.

"கை எப்படி தானா போய் மாட்டும், ரோஸ்லின்? அவர் என்ன செஞ்சுகிட்டு இருந்தார், இயந்திரம் என்ன செஞ்சுகிட்டு இருந்தது, ரெண்டையும் கேட்டு எழுதுங்க."

இதனால் அவர் தொழிலாளிகள் பக்கம் சாய்ந்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. உறையூர்ப் பக்கம் வீட்டிலேயே சக்கரம் வைத்து செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டிக்கொண்டிருந்த ஒருவருக்குச் சில்லு தெறித்து ஒரு கண் போயிற்று. கல்லைக் கொடுத்து வாங்கிய வியாபாரி மேல் மனு கொடுத்தார். வீட்டில், தன் சக்கரத்தில், தன் இஷ்டத்துக்கு வேலை செய்தவர் சட்டத்தின் கணக்கில் தொழிலாளி ஆகமாட்டார். சார் அதை அவருக்குப் பொறுமையாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவர், "அப்ப நான் யாருங்க?" என்றார். சார் மனுவைத் தள்ளுபடி செய்து கையெழுத்துப் போட்டார். அன்று மத்தியானம் டிபன் கேரியரைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

இனி பழனியாண்டியின் கேஸ்.

மணப்பாறைப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. மழை பொய்த்த ஒரு வருஷம் ஸ்ரீரங்கத்துக்கு வந்து, கொள்ளிடக் கரையோரம் இருந்த ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் ஆபீஸுக்கு அவர் வந்தபோது வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் கூட வந்து அவருக்காக வாதாடினார்.

நடந்தது இது. அந்த ஆலையில் அஞ்சலை என்று ஒரு விதவைப் பெண், களத்தில் நெல் காயவைப்பதும் மிஷின் ரூமில் தவிடு கூட்டுவதுமாக வேலை செய்தாள். ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டில் அவள் முந்தானை மாட்டிக்கொண்டது. அந்தப் பக்கமாக மூட்டையோடு போன பழனியாண்டி மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளை இழுத்தார். அவள் பிழைத்தாள். பழனியாண்டியின் கை பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே போய்விட்டது.

முதலாளி கொடுத்த பதிலில் மூன்று விஷயங்கள் இருந்தன. பழனியாண்டி, கூலி ஆட்களைச் சேர்த்துவிடும் மேஸ்திரி கொண்டுவந்த ஆள், ஆலையின் ஆள் இல்லை. அவருடைய வேலை மூட்டை தூக்குவது, மிஷினைத் தொடுவது இல்லை. மிஷின் பக்கம் யாரும் போகக் கூடாது என்று போர்டு மாட்டி, வாயாலும் சொல்லியிருந்தது, அதை வேண்டுமென்றே மீறினார். முதலாவதற்குச் சட்டத்திலேயே பதில் இருந்தது. மேஸ்திரி கொண்டுவந்தாலும் வேலை ஆலையுடையதுதான். இரண்டாவதும் மூன்றாவதும்தான் கஷ்டம். பாதுகாப்புக்காகப் போட்ட கட்டளையைத் தெரிந்தே மீறி அடிபட்டால் நஷ்டஈடு கிடையாது.

முதலாளி கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு இரண்டு வேளையும் சாப்பாடு அனுப்பியிருக்கிறார். கேஸை வாபஸ் வாங்கினால் வாட்ச்மேன் வேலை தருவதாகவும் சொல்லி அனுப்பினார். பழனியாண்டி மாட்டேன் என்றுவிட்டார்.

விசாரணை நாளில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவர் சொன்னதை நான்தான் அடித்தேன்.

"மூட்டையை எங்க கொண்டு போனீங்க?" என்று சார் கேட்டார்.

"குடோனுக்குங்க. மிஷின் ரூம் வாசல் வழியாத்தான் போகணும்."

"வாசல்ல என்ன பார்த்தீங்க?"

"முதல்ல பார்க்கலைங்க. ஒரு சத்தம் கேட்டுச்சு. திரும்பினா, அந்தம்மா முந்தானை பெல்ட்டோட போய்க்கிட்டு இருக்கு. கழுத்துல சுத்தி இறுக்குது. மூட்டையைப் போட்டுட்டு ஓடினேன். சேலையைப் பிடிச்சு இழுத்தேன். கிழிஞ்சு வந்துடுச்சு, அவங்க கீழ விழுந்துட்டாங்க. என் கை உள்ள போயிடுச்சு."

அடுத்து ஆலையின் வக்கீல் கேட்டார்.

"போர்டு மாட்டியிருந்ததே, பார்க்கலையா?"

"பார்த்திருக்கேங்க. படிக்கத் தெரியாது."

"மிஷின் கிட்ட போகக் கூடாதுன்னு மேஸ்திரி வாயால சொன்னாரா இல்லையா?"

சங்கத்துக்காரர் பழனியாண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"சொல்லியிருக்காருங்க."

"தெரிஞ்சுதான் போனீங்க?"

"ஆமாங்க. தெரிஞ்சுதான் போனேன்."

சார் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார், நான் அடித்தேன்.

அஞ்சலைதான் அடுத்த சாட்சி. பழனியாண்டி தரப்பில் அழைத்திருந்தார்கள். ஆனால் அவள் வந்தது ஆலை மேஸ்திரியோடு. தலையைக் குனிந்தபடியே, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. மயக்கம் வந்துடுச்சு. யார் இழுத்தாங்கன்னு தெரியாது" என்றாள். இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தக் கூலியில் சாப்பிடுகிறவள். கதவுக்கு வெளியே மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார்.

சங்கத்துக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. அவளைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டு எழுந்தார். அப்போது பழனியாண்டி இடது கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"வேண்டாங்க. அந்தம்மாவை மேல கேக்காதீங்க."

"அவங்க சொல்லலைன்னா உன் கேஸ் நிக்காதுய்யா."

"சொன்னா அவங்க வேலை போயிடுங்க. பிள்ளைங்க இருக்கு. விட்டுடுங்க."

மெதுவாகத்தான் சொன்னார். மேஜையைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் கேட்டது, அஞ்சலைக்கும் கேட்டிருக்கும். அவள் நிமிரவில்லை. வாக்குமூலத்தைச் சார் தமிழில் திரும்பச் சொன்னபோது "ஆமாங்க, ஆமாங்க" என்று மட்டும் சொல்லி, ரேகை வைத்துவிட்டுப் போனாள்.

பார்த்தவர்கள் இல்லை, காப்பாற்றப்பட்டவளே தெரியாது என்கிறாள், கட்டளையை மீறியதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். கேஸ் போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து சார், ஆலைக்கு நேரில் போய்ப் பார்க்கப்போவதாக இரண்டு தரப்புக்கும் நோட்டீஸ் அடிக்கச் சொன்னார். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் நான் அங்கே இருந்த வருஷங்களில் யாரும் அப்படிப் போனதில்லை.

அன்று காலை முதலாளி ஆபீஸ் வாசலுக்குக் கார் அனுப்பியிருந்தார். சார் டிரைவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். "அவர் கார்ல நாம போனா, பழனியாண்டி எதுல வர்றது?" என்றார். சாரும் நானும் பியூனும் டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய், அங்கிருந்து நடந்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பழனியாண்டியும் சங்கத்துக்காரரும் ஆலை வாசலில் நின்றிருந்தார்கள். முதலாளி மோர் கொண்டுவரச் சொன்னார். சார் பானைத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

போர்டு இருந்தது, முதலாளி சொன்னது பொய் இல்லை. மிஷின் ரூம் வாசலுக்கு மேல் பெரிய எழுத்தில், 'இயந்திரத்தின் அருகில் செல்லக் கூடாது' என்று எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழே சுவரில் இரண்டு விளக்குமாறுகள் சாத்தியிருந்தன.

"இது யார் கூட்டுறதுக்கு?" என்று சார் கேட்டார்.

"பொம்பளை ஆளுங்க சார். தவிடு சேர்ந்துபோகும். கூட்டாம முடியாது" என்றார் முதலாளி.

"பெல்ட்டுக்கு அடியிலயா?"

"ஆமா சார்."

"ஓடும்போதேவா?"

"நிறுத்தி நிறுத்திக் கூட்டினா அரைவை நடக்காது சார்."

வக்கீல் முதலாளியின் கையைத் தொட்டார். சார் அதைப் பார்க்காத மாதிரி, நான் எழுதிவிட்டேனா என்று மட்டும் பார்த்தார்.

பிறகு இன்ஜினை நிறுத்தச் சொன்னார். இன்ஜின் டிரைவரை வரவழைத்துத் தன் பக்கத்திலேயே நிற்கவைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "ரோஸ்லின், உங்களுக்குச் சம்மதம்னா அந்த இடத்துல நின்னு காட்டணும். டிரைவர் இங்க என்கிட்ட இருக்கார், யாரும் ஓட்ட முடியாது. இஷ்டமில்லைன்னா வேண்டாம், பியூனை நிக்கச் சொல்றேன். ஆனா சேலை கட்டினவங்க நின்னாத்தான் தெரியும்" என்றார்.

விளக்குமாற்றை வாங்கிக்கொண்டு போய் நின்றேன். பெல்ட் என் காதுக்கு நேராக இருந்தது. எண்ணெயும் தவிடும் ஏறிக் கறுத்திருந்தது. இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் பெல்ட், நடுவில் ஒரு ஆள் குனிந்து நிமிரும் இடம்தான். ஓடாமல் நின்ற பெல்ட்டே ஆனாலும், என் முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டேன். செருகிய பிறகுதான் செய்ததையே கவனித்தேன். சார் டேப் வைத்துத் தோளுக்கும் பெல்ட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து சொல்ல, வக்கீலும் சங்கத்துக்காரரும் எட்டிப்பார்த்துச் சரி என்றார்கள்.

அடுத்து எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டு இன்ஜினை ஓட்டச் சொன்னார். மிஷின் ரூம் வாசலில் பியூன் நின்று, இன்ஜினை நிறுத்தச் சொல்லித் தன்னால் முடிந்த மட்டும் கத்தி டிரைவரைக் கூப்பிட வேண்டும். டிரைவர் இருந்தது அடுத்த அறை. பியூன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். நானும் சாரும் டிரைவர் பக்கத்தில் நின்றிருந்தோம். டிரைவர் எங்களைப் பார்த்து, "எப்ப சார் கூப்பிடுவாங்க?" என்று கேட்டார்.

கடைசியில் களத்து ஓரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சார் குறிப்புச் சொன்னார். நான் சுருக்கெழுத்தில் எடுத்தேன். முடிந்ததும், "தமிழ்ல சத்தமா படிங்க. இங்க இருக்கிறவங்க எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றார். நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுக் கொஞ்சம் நெருங்கி வந்தார்கள். அவர்களுக்குள் அஞ்சலையும் இருந்தாள்.

போர்டு, விளக்குமாறு, அளவு, பியூன் கத்தியது எல்லாம் படித்தேன். 'கூட்டுகிற பெண் பெல்ட்டைப் பார்த்தபடி நின்றிருப்பார்' என்று ஒரு வரி வந்தது. நான் அப்படி நின்றதால் சார் அப்படிச் சொல்லியிருந்தார்.

"தப்பு இருந்தா இப்பவே சொல்லலாம்" என்றார் சார், வழக்கம்போல.

"அது அப்படி இல்லைங்க."

அஞ்சலைதான். கையில் துழாவுகட்டை அப்படியே இருந்தது.

"எப்படிம்மா?"

"பெல்ட்டைப் பார்த்துகிட்டு யாருங்க கூட்டுவாங்க? பார்த்துகிட்டு இருந்தா மாட்டியிருக்கவே மாட்டேன். அது எனக்கு முதுகுப் பக்கம் இருந்துச்சு. குனிஞ்சு நிமிர்ந்தேன், முந்தானை போயிடுச்சு. கழுத்தைச் சுத்தி இறுக்கிடுச்சு, கத்தக்கூட முடியலை. இந்த அண்ணன் வந்துதான் கிழிச்சு விட்டாரு. இவர் வரலைன்னா நான் இல்லைங்க."

மேஸ்திரி முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் சொன்னார்: "இதை இங்க நான் எழுதிக்க முடியாதும்மா. ஆபீசுக்கு வந்து பிரமாணம் பண்ணிச் சொல்லணும். பழனியாண்டி கூப்பிட்டு நீங்க வர வேண்டாம், நானே கூப்பிட்டு அனுப்புறேன். வருவீங்களா?"

அவள் "வரேங்க" என்றாள்.

வந்தாள். இந்த முறை தனியாக வந்தாள். வக்கீல் அவளை விடவில்லை.

"முன்னாடி தெரியாதுன்னு ஏன் சொன்னே?"

"பயந்துகிட்டு சொன்னேங்க."

"இப்ப பயம் இல்லையா?"

"இருக்குங்க" என்றாள்.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

உத்தரவைச் சார் எனக்குச் சொல்லி முடிக்க ஒரு காலைப்பொழுது ஆயிற்று. நிறைய அடித்துத் திருத்தினார். அதன் சாரம் இது. மிஷின் கிட்டே போகாதே என்ற கட்டளையை அந்த ஆலையே தினமும் மீறிக்கொண்டிருந்தது. பெண்களை அதனடியில் கூட்டவிட்டதே அந்த மீறல்தான். பழனியாண்டி மிஷினிடம் போகவில்லை, கூட வேலை செய்கிறவளிடம் போனார். ஆலையில் ஓர் உயிர் போகும்போது மூட்டையைக் கீழே போடுவதும் மூட்டைக்காரர் வேலையில் சேர்ந்ததே. முழங்கைக்குக் கீழ் கை போனதற்கு அட்டவணையில் உள்ள நஷ்டஈட்டை முழுதாகக் கட்ட வேண்டும்.

உத்தரவைப் பழனியாண்டிக்குத் தமிழில் சொன்னபோது அவர் தொகையைப் பற்றிக் கேட்கவில்லை. "வேணும்னே மீறினேன்னு எழுதியிருந்தாங்களே, அது என்ன ஆச்சுங்க?" என்றார். அது இல்லை என்று ஆகிவிட்டது என்று சார் சொன்னார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

முதலாளி அப்பீல் போகவில்லை. கெடுவுக்குள் பணத்தைக் கட்டினார். ஆனால் அஞ்சலையை அடுத்த வாரத்திலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அதைக் கேட்டு சார் சட்டப் புத்தகத்தை எடுத்துவைத்து வெகுநேரம் புரட்டினார். அவளுக்கு அதில் ஒன்றும் இல்லை. அவள் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

பழனியாண்டி பணம் வாங்க வந்த நாளில் அவளும் வந்திருந்தாள். அடையாளம் காட்ட ஒரு சாட்சி வேண்டும் என்று யாரோ சொல்லி, அவளே வருகிறேன் என்று வந்தாளாம். வேலை முடிந்து இருவரும் எங்கள் காம்பவுண்டு கேன்டீனில் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெண்கள் உட்காரும் ஓரத்து மேஜையில் நான் டிபனைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

பழனியாண்டி இடது கையால் சாதத்தைப் பிசைந்தார். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்து முகம் சுளித்து, தன் இலையைக் கொஞ்சம் தள்ளி இழுத்துக்கொண்டார். பழனியாண்டி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பசியோடு இருந்தவர், அப்படியே இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அஞ்சலை எதிரே இருந்தவரைப் பார்த்துச் சொன்னாள். சத்தம் போடவில்லை.

"சாப்பிடுற கை என்னைக் காப்பாத்தப் போய் போயிடுச்சுங்க. இருக்கிற கையால சாப்பிடுறாரு."

அந்த மனிதர் இலையைப் பழைய இடத்துக்கே நகர்த்திக்கொண்டார். பிறகு, பழனியாண்டியின் வலது பக்கம் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து அவருடைய இடது கைப் பக்கமாக வைத்தார்.